ஏழு இரவு மருந்து
வயிற்றில் வளரும் மாதங்கள் – 11

சென்ற வாரம் சிறுநீர்த் தொற்று. இந்த வாரம் அதைவிடவும் கூச்சப்பட்டு மறைக்கும் ஒன்று: கர்ப்பகாலத்தில் அரிப்போடு வரும் வெள்ளைப்படுதல்.

பெங்களூரின் தெற்கு ஓரத்தில், ஓசூர் ரோட்டில் இருக்கிறது பொம்மசந்திரா. கம்பெனிகளுக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அம்மாவும் அத்தையும் ஊரில். இதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஷிப்ட் முடிந்து வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில்தான் கேட்க முடிகிறது. அங்கே கர்ப்பம் என்பதைச் சொல்லாமல், "அரிப்புக்கு ஒரு மாத்திரை" என்று கேட்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

முதலில் ஒன்று. இது அசுத்தத்தால் வருவதல்ல, ஒழுக்கத்தோடும் சம்பந்தமில்லை. கேண்டிடா என்ற ஈஸ்ட், நோய் இல்லாத பலருடைய குடலிலும் பிறப்புறுப்பிலும் சத்தமின்றி இருப்பதுதான். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது பிறப்புறுப்பின் சுவர்ச் செல்களில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேர்கிறது. ஈஸ்ட்டுக்குத் தீனி கூடுகிறது, பெருகுகிறது. திரிந்த பால் போலக் கட்டியாக வெள்ளை, கடும் அரிப்பு, சிறுநீர் படும்போது எரிச்சல். பெரும்பாலும் வாடை இருக்காது. மீன் வாடையோ மஞ்சள், பச்சை நிறமோ இருந்தால் அது வேறு தொற்று, மருந்தும் வேறு. ரத்தம் பட்டாலோ தண்ணீராகக் கசிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

"உடம்பு சூடு" என்று வெந்தயமும் இளநீரும் கொடுப்பார்கள். குடிக்கலாம், ஆனால் ஈஸ்ட் அதற்கு அடங்காது. டெட்டால் கலந்த தண்ணீரையும் சோப்பையும் உள்ளே விட்டுக் கழுவுவதுதான் கெடுதல். அங்கே அமிலத் தன்மையைக் காத்து நிற்கும் நல்ல பாக்டீரியாவையும் அது அழித்துவிடும்.

இப்போது மாத்திரை. சாதாரணமாக இந்தத் தொற்றுக்குக் கொடுப்பது புளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே வேளை. அரசு மருத்துவமனைகளில் வெள்ளைப்படுதலுக்குத் தரும் பச்சை நிற மருந்துப் பொட்டலத்திலும் அது உண்டு. கர்ப்பிணிக்கு அது வேண்டாம். டென்மார்க்கில் சுமார் 14 லட்சம் கர்ப்பங்களின் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இதை விழுங்கியவர்களுக்குக் கருச்சிதைவு அதிகமாக இருந்ததாக அது சொன்னது. மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. தெரியாமல் ஒன்று போட்டுக்கொண்டவர் பயந்து அழ வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் பாதுகாப்பான வேறு மருந்து கையில் இருக்கும்போது எதற்கு இந்த வம்பு?

அந்த மருந்து குளோட்ரிமசோல். பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, 100 மில்லிகிராம், டாக்டர் சொன்னபடி இரவு படுக்கும்போது ஒன்று, ஏழு இரவு. பெட்டியோடு வரும் குழாய் வேண்டாம் என்றால் கை கழுவி விரலாலேயே வைக்கலாம். காலையில் கொஞ்சம் வழியும், பேட் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். மூன்றாம் நாளே அரிப்பு அடங்கிவிடும், பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், ஏழும் முடியட்டும்.

திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா பரப்பிய முறை சுலபமானது: சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கலாம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. சிலருக்கு இன்சுலின் வேண்டியிருக்கும். பொம்மசந்திராவில் பெரிய வளாகம் வைத்திருக்கும் பயோகான் 2004-ல் கொண்டுவந்த இன்சுலினே பிச்சியா என்ற இன்னொரு ஈஸ்ட்டில் தயாரானதுதான்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. கர்ப்பத்தைப் பதியும்போது தரும் தாயி கார்டோடு போங்கள். கன்னடம் வராவிட்டால் நர்ஸிடம் "பிளி செரகு, துரிக்கே" என்றால் போதும், வெள்ளையும் அரிப்பும் என்று புரிந்துகொள்வார். எத்தனையாவது மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

(தொடரும்)