ஆக்கியோனும் எழுதினோனும்

கதை புனைகிறவரையும் கட்டுரை வரைகிறவரையும் நாம் இன்று எழுத்தாளர் என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். கம்பர் இராமாயணத்தைப் பாடினார், பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார், தொல்காப்பியர் இலக்கணம் செய்தார் என்று சொல்வதே நம் முன்னோர் வழக்கு. எழுதுதல் என்னும் வினையோ, ஏட்டைக் கையில் ஏந்தி எழுத்தாணி பிடித்து உட்கார்ந்தவனுக்கே பெரும்பாலும் உரியதாக இருந்தது. நூலைச் சிந்தையில் அமைப்பது ஒருவர் காரியமாகவும், அதனை ஓலையில் ஏற்றுவது மற்றொருவர் காரியமாகவும் பகுக்கப்பட்டிருந்த காலம் மிகப் பழையதுமன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876ஆம் ஆண்டில் காலமாகும் வரையில், புராணப் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாயினாற் சொல்லிக்கொண்டே போக, உடனிருந்த மாணாக்கர்கள் அவற்றை ஏட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள் என்பதை, அவ்வாறு எழுதியவருள் ஒருவரான உ. வே. சாமிநாதையரே தம் வரலாற்றில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஏடும் எழுத்தாணியும்

எழுதுவோனுடைய தொழில் எளிதானதன்று. பனையோலையை வெட்டி, நிழலில் உலர்த்தி, வெந்நீரிலிட்டு வேகவைத்து, மறுபடியும் உலர்த்தி, சங்கினாலோ வழுவழுப்பான கல்லினாலோ தேய்த்து மெருகேற்றி, ஒரே அளவாக நறுக்கிய பிறகுதான் எழுதுதற்குத் தக்க ஏடு கிடைக்கும். சுவடிக்கு இரண்டு துளைகள் இடுவார்கள். அவற்றுள் ஒன்றிலே செருகும் செப்புக் கம்பிக்கோ மூங்கிற் குச்சிக்கோ நாராசம் என்று பெயர். மற்றொன்றின் வழியே கோத்த கயிறு துளையினூடே உருவி வந்துவிடாதபடி, அதன் தலைப்பில் ஈர்க்கோடு கூடிய ஓலைத் துண்டொன்றைக் கத்தரித்து முடிந்து வைப்பார்கள். அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். எழுத்தாணியிலும் வகைகள் உண்டு: தலைப்பக்கம் கனத்துப் பருத்திருப்பது குண்டெழுத்தாணி, ஒரு முனையில் ஓலை வாருவதற்கு ஏற்ற கத்தி பொருந்தியது வாரெழுத்தாணி, பிடிக்குள்ளே மடக்கி வைத்துக்கொள்ளத்தக்கது மடக்கெழுத்தாணி.

ஏட்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு, எழுத்தாணியின் கூர்முனையை இடக்கைக் கட்டைவிரலின் நகத்தருகே தாங்கவிட்டு, ஓலையைச் சிறிது சிறிதாக நகர்த்தி நகர்த்தி எழுதுவார்கள். எழுதி முடித்த ஏட்டில் கீறல் மட்டுமே இருக்கும்; கரியையும் பச்சிலைச் சாற்றையும் மஞ்சளையும் தடவித் துடைத்த பின்னரே எழுத்துகள் கறுத்துக் கண்ணுக்குப் புலனாகும். இதற்கு மையாடல் என்று பெயர். பூச்சி அணுகாதிருக்க வசம்பும் சேர்ப்பதுண்டு.

இத்தனை சிரமப்பட்டு எழுதிய ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, ஏனெனில் ஓலையிற் புள்ளி குத்தினால் அது பொத்துக்கொண்டுவிடும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தோன்றாது; நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும்; சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது, செய்யுளுக்கு அடிபிரித்தலும் கிடையாது. ஆகவே ஏடு வாசித்தல் என்பதே தனியொரு வித்தையாக இருந்ததும், பொருள் தெரியாதவன் படியெடுத்த இடங்களிலெல்லாம் பாடபேதங்கள் மலிந்ததும், தாமே ஒரு செய்யுளை இயற்றி நடுவே சேர்த்துவிட்ட புலவர்களால் இடைச்செருகல் என்றொரு சொல் வழக்குக்கு வந்ததும் வியப்பல்ல. ஆயினும், தொல்காப்பியரோ திருவள்ளுவரோ தம் கைப்பட எழுதிய ஏடு ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும், செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஓலைகளைத் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் மறுபடி பார்த்து எழுதி வைத்திராவிட்டால் சங்க நூல்களின் பெயர்கள்கூட மிஞ்சியிரா என்பதையும் நினைத்தால், அந்த எழுதினோனை ஏளனமாக எண்ண மனம் வராது. சுவடியின் இறுதியில் வருஷமும் மாசமும் நாளும் குறித்து, தன் பெயரையும் இட்டு, பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொண்ட ஏடெழுதுவோர் பலர்.

எழுத்தும் ஒப்பும்

சொல்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் மற்றொருவர் என்னும் இப்பகுப்பு அரசாங்கத்திலும் இருந்தது. சோழ மன்னர் ஒரு தானத்தைக் கொடுக்கும்போது, அவர் வாயாற் சொன்னதைக் கேட்டு எழுதுகிறவன் திருமந்திர ஓலை. அதனைப் பார்த்து ஒப்புக் கொடுக்கிறவன் ஓலைநாயகம். பின்னர் வரிக் கணக்கில் அதனைப் பதிவுசெய்கிற அதிகாரிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராஜராஜன் வழங்கிய செய்தியைச் சொல்லும் லெய்டன் செப்பேடுகளைப் படிப்பவர், இன்னார் எழுத்து, இன்னார் ஒப்பு என்று பெயர்கள் அணிவகுத்து வருவதைக் காணலாம். எழுத்து என்பதே அங்கே கையொப்பத்தைக் குறித்தது. எழுதத் தெரியாதவன் இட்ட அடையாளம் தற்குறி. பத்திரத்தில் நேர்மையாக நின்ற அச்சொல், பிற்காலத்தில் கல்லாதவனை இகழும் வசைச்சொல்லாக இழிந்துவிட்டது.

பாயிரம் கேட்கும் கேள்விகள்

நூலை யார் ஆக்கினார் என்னும் விஷயத்தில் நம் இலக்கணிகள் காட்டிய கண்டிப்பு குறிப்பிடத்தக்கது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும், காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றையும் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டும் என்பது விதி. இப்பாயிரத்தை நூலாசிரியன் தானே பாடிக்கொள்ளலாகாது; அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, தகுதி வாய்ந்த உரைகாரனோ பாடவேண்டும். முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று பாயிரத்துக்கு நன்னூல் அடுக்கும் பெயர்களுள் முகவுரையையும் அணிந்துரையையும் இன்றும் நாம் நூலின் முகப்பிலே அச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நூல் செய்யும் முறை நான்கு என்று எண்ணிய பழையவர்கள், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகியவற்றுக்கு நிகராக மொழிபெயர்ப்பையும் வைத்தார்கள் என்பது மொழிபெயர்ப்பாளர்கள் பெருமிதத்தோடு நினைவுகூரத்தக்க செய்தி.

சங்கத் தொகை நூல்களைத் திரட்டியவர்களும் இந்த ஒழுங்கையே கடைப்பிடித்தார்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடியவர் ஐவர் வேறு. பாட்டின் ஆசிரியர் பெயர் கிடைக்காத சில இடங்களில், அப்பாட்டிலுள்ள அழகிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினார்கள்.

அச்சு வந்த பின்

கொல்லத்தில் 1578ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் பதினாறு பக்கங்களில் வெளிவந்த தம்பிரான் வணக்கத்தோடு தமிழ் அச்சேறிவிட்டதென்றாலும், திருக்குறள் மூலம் அச்சானது 1812இல்தான். சுதேசிகள் தடையின்றி அச்சுக்கூடம் வைக்க வழி பிறந்ததும் 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையையும், சி. வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புகளையும், 1887இல் சீவகசிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் தந்த சாமிநாதையரின் உழைப்பையும் தொடர்ந்து, எழுதினோனுடைய இடத்துக்குப் பதிப்பாசிரியர் என்னும் புதிய மனிதர் வந்து அமர்ந்தார். பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடிக்கொணர்ந்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடங்களைத் தேர்ந்து, அடிபிரித்து, புள்ளியிட்டு அவர் செய்த வேலைக்குப் பரிசோதித்தல் என்று பெயர். மூலத்தை இயற்றியவர் இன்னார், உரை வகுத்தவர் இன்னார், பரிசோதித்தவர் இன்னார், பதிப்பித்த அச்சுக்கூடம் இன்னது என்று அந்நாளைய முகப்புப் பக்கங்கள் ஒரே நீண்ட வாக்கியத்தில் சொல்லிச் செல்லும்.

அச்சுக்கூடத்துக்குள்ளே மற்றொரு கூட்டம் இருந்தது. கண்ணாடியிற் பார்ப்பதுபோல் இடவலம் மாறிய ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கிலே கோத்து, வரிகளைக் காலியில் இறக்கி, பக்கங்களைப் பாரமாகக் கட்டிய கம்பாசிட்டரும், புரூப் திருத்தியவரும், இயந்திரத்தை ஓட்டியவரும் இல்லாமல் எந்த நூலும் கடைக்கு வந்ததில்லை. எனினும் முகப்புப் பக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் செய்த தவறுகளுக்கு மட்டும் பிழையும் திருத்தமும் என்று கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும்!

பின்னர் வாரப் பத்திரிகைகளும் மாதப் பத்திரிகைகளும் பெருகி, வசனம் எழுதுவதே ஒரு ஜீவனோபாயமாக வாய்த்தபோது, எழுதுவோன் என்ற பழைய தொழிற்பெயர் எழுத்தாளர் என்னும் கௌரவத்தோடு ஆக்கியோனிடமே வந்து சேர்ந்தது. அதில் குறை காண்பதற்கில்லை. தாமே சிந்தித்துத் தாமே காகிதத்தில் எழுதுகிறவருக்கு அப்பெயர் பொருத்தமானதே. ஆனால் அந்த ஒரு பெயரின் நிழலிலே மற்றவர்கள் மறைந்துபோனது நியாயமன்று. மூல ஆசிரியர் பெயரைப் பெரிய எழுத்தில் அட்டையில் பொறித்து மொழிபெயர்த்தவரை உள்ளே ஒரு மூலைக்கு ஒதுக்குவதும், கையெழுத்துப் பிரதியை வரிவரியாகச் செப்பனிட்டவரை அறவே குறிப்பிடாமல் விடுவதும் நம் மரபுக்கு ஒவ்வாத பழக்கங்கள்.

ஆகவே பதிப்பகத்தார்க்கு ஒரு வேண்டுகோள்: மொழிபெயர்த்தவர் பெயரை அட்டையிலேயே அச்சிடுங்கள், செம்மை செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், பக்கம் அமைத்தவர், அச்சிட்டவர் ஆகியோர் பெயர்களை முகப்புப் பக்கத்தின் பின்புறத்தில் தவறாது குறிப்பிடுங்கள். இதற்குக் கூடுதலாக ஒரு தாள்கூடச் செலவாகாது. வாசகர்களும் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே பெயர்கள் இல்லையென்றால், ஏன் இல்லை என்று பதிப்பகத்தாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.