ஆஃப்-ரோடு வாகனங்களில் சஸ்பென்ஷன் மேம்பாடு

சஸ்பென்ஷன் மேம்பாடு என்பது மண், பாறை, சேறு, ஆற்றுப்படுகை போன்ற பாதைகளில் ஓட்டப்படும் நான்கு சக்கர இயக்க வாகனத்தின் விற்கள், அதிர்வுத் தணிப்பான்கள், அவற்றைச் சார்ந்த இணைப்புத் தண்டுகள் ஆகியவற்றை மாற்றி அமைப்பதாகும். இதனை 'வண்டியை உயர்த்துதல்' என்றே பலர் புரிந்துகொள்கின்றனர். உயரம் இதன் ஒரு விளைவு மட்டுமே. வண்டி சுமக்கும் எடைக்கு ஏற்ற வில்லைத் தேர்ந்தெடுத்து, மேடுபள்ளத்திலும் சக்கரங்கள் தரையை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்வதே இதன் முதன்மை நோக்கம்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஐந்து கதவு மாருதி சுசூகி ஜிம்னி இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஏணி வடிவ அடிச்சட்டகம், முன்னும் பின்னும் திட அச்சு, நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் என்பது இதன் அமைப்பு. இதன் தரை இடைவெளி 210 மி.மீ.

உயரமும் தரை இடைவெளியும்

திட அச்சு என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே உறுதியான குழாய் போன்ற அமைப்பு. இவ்வகை வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது பொதுவாக அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உறையே. நீளமான வில்லைப் பொருத்தினால் அச்சுக்கு மேலே உள்ள உடல் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே 50 மி.மீ. உயர்த்திய பிறகும் டிஃபரன்ஷியல் அதே பாறையில்தான் தட்டும்.

அச்சை உயர்த்தக்கூடியது பெரிய டயர் மட்டுமே. அதிலும் விட்ட வேறுபாட்டில் பாதிதான் கிடைக்கும். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 693 மி.மீ. அதற்குப் பதிலாக 235/75 ஆர்15 டயர் பொருத்தினால் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. ஆகும். வேறுபாடு 40 மி.மீ.; தரை இடைவெளியில் கூடுவது 20 மி.மீ. உடலை உயர்த்துவதால் இந்தப் பெரிய டயர் உரசாமல் சுழல இடம் கிடைக்கிறது. வண்டியின் முன்முனை, பின்முனை, நடுவயிறு ஆகியவை மேட்டில் இடிக்காமல் கடக்கும் கோணங்களும் கூடுகின்றன.

உயரத்திற்கு ஒரு விலையும் உண்டு. இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் நிலைப்புக் காரணி கிடைக்கும். இது குறையக் குறைய வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். அகலம் 1400 மி.மீ., ஈர்ப்பு மைய உயரம் 650 மி.மீ. எனக் கொண்டால் காரணி 700 ÷ 650 = 1.08. உடலை உயர்த்தியதால் ஈர்ப்பு மையம் 40 மி.மீ. மேலே சென்றால் அது 700 ÷ 690 = 1.01 ஆகக் குறைகிறது. சரிவில் குறுக்காகச் செல்லும்போதும், சாலையில் திடீரென ஒடித்துத் திருப்பும்போதும் இவ்வேறுபாடு உயிர் காக்கும் அளவுக்கு முக்கியமானது.

வில்லைத் தேர்ந்தெடுத்தல்

வில் எவ்வளவு அமுங்கும் என்பது அதன் மீதுள்ள விசையையும் அதன் விறைப்பையும் பொறுத்தது. பள்ளிப் பாடத்தில் வரும் ஹூக்கின் விதியே இங்கும் பயன்படுகிறது.

வண்டியின் பின்பகுதியில் நிரந்தரமாக 100 கி.கி. பொருள் ஏற்றப்படுகிறது எனக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 980 நியூட்டன். அது முழுவதும் பின் அச்சின் மீது விழுவதாகக் கொண்டால் ஒவ்வொரு வில்லுக்கும் 490 நியூட்டன். வில்லின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் எனில், வண்டி 490 ÷ 25, அதாவது ஏறத்தாழ 20 மி.மீ. தாழும். பள்ளத்தில் விழும்போது வில் மேலும் அமுங்குவதற்கான இடமும் அதே அளவு குறைந்துவிடும். 32 நியூட்டன் விறைப்புள்ள வில் என்றால் 15 மி.மீ. மட்டுமே தாழும்.

இதனால் விறைப்பான வில்லே எப்போதும் சிறந்தது எனக் கொள்ளக்கூடாது. காலியான வண்டியில் மிகையான விறைப்புள்ள வில்லைப் பொருத்தினால் சக்கரம் பள்ளத்திற்குள் இறங்காமல் துள்ளும். துள்ளும் சக்கரத்திற்குப் பிடிப்பு இல்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது எடை போடுதல். வழக்கமாக எடுத்துச் செல்லும் பொருள்களுடன் வண்டியை எடை மேடையில் நிறுத்தி, முன் அச்சு, பின் அச்சு ஆகியவற்றின் எடைகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இரும்பு பம்பரும் வின்ச்சும் முன்பக்கச் சுமை. தண்ணீர்க் கேன், கருவிப்பெட்டி, கூடாரம் ஆகியவை பெரும்பாலும் பின்பக்கச் சுமை. முன், பின் விற்கள் இவ்வெடைகளுக்கு ஏற்பத் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வலுவான வில் பொருத்துவதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடுவதில்லை. அச்சு, பிரேக், அடிச்சட்டகம் ஆகியவை பழையனவே.

அதிர்வுத் தணிப்பான்

வில் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத் தணிப்பான் அந்த ஆற்றலை எண்ணெய் வழியாக வெப்பமாக மாற்றி வெளியேற்றுகிறது. நீண்ட கரடுமுரடான பாதையில் எண்ணெய் சூடாகி இளகி, நுரைத்து, தணிக்கும் திறன் குறையும். நைட்ரசன் வாயு அழுத்தமுள்ள தணிப்பான்கள் நுரைத்தலைக் குறைக்கின்றன. கூடுதல் எண்ணெய்க் கலம் கொண்டவை வெப்பத்தை நெடுநேரம் தாங்குகின்றன.

தணிப்பானின் நீளம் வில்லுக்குப் பொருந்த வேண்டும். சக்கரம் முழுமையாக மேலே வரும்போது, தணிப்பான் இறுதிவரை அமுங்குவதற்கு முன் பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் தடுப்பு அச்சைத் தடுத்தாக வேண்டும். இல்லையெனில் மோதல் முழுவதையும் தணிப்பானே தாங்கி உடையும். சக்கரம் முழுமையாகக் கீழே தொங்கும்போது வில் தன் இருக்கையை விட்டு நழுவக்கூடாது.

உடன் மாறுபவை

உடல் உயரும்போது வேறு பல பாகங்களின் கோணங்களும் மாறுகின்றன.

• காஸ்டர் கோணம்: முன் அச்சு சற்றுச் சுழன்று இக்கோணம் குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். துளை மையம் விலகிய புஷ் அல்லது மாற்றுத் தண்டால் இது சரிசெய்யப்படுகிறது.

• பானார்ட் தண்டு: அச்சைப் பக்கவாட்டில் நிலைநிறுத்துவது இதுவே. உடல் உயரும்போது இதன் சாய்வு கூடி, அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். நீளத்தை மாற்றக்கூடிய தண்டு இதற்குத் தீர்வு.

• பிரேக் குழாய்: சக்கரம் முழுமையாகத் தொங்கும்போது ரப்பர் குழாய் இழுபட்டால் அறுந்துபோகும். நீளமான குழாய் தேவைப்படலாம்.

• முகப்பு விளக்கு: ஒளியின் சாய்வை மறுபடி சரிசெய்யாவிட்டால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

பொருத்தும் முறை

வேலை தொடங்குமுன் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரம் நான்கு மூலைகளிலும் அளந்து குறிக்கப்படுகிறது. அடிச்சட்டகத்தை உறுதியான தாங்குகால்கள் மீது நிறுத்தி, அச்சைத் தனி ஜாக்கியால் மெல்ல இறக்கி, பழைய வில் எடுக்கப்படுகிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது உயிருக்கு ஆபத்து. அமுக்கப்பட்ட வில் விடுபட்டால் பெருங்காயம் ஏற்படும்.

பலரும் தவறவிடுவது ரப்பர் புஷ் போல்ட்டுகளை இறுக்கும் நேரம். வண்டி தூக்கிய நிலையில் இருக்கும்போதே அவற்றை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும். எனவே சக்கரங்கள் தரையில் நின்று முழு எடையையும் தாங்கும்போதுதான், உற்பத்தியாளர் குறிப்பிட்ட முறுக்கு அளவில் அவற்றை இறுதியாக இறுக்க வேண்டும். பின்னர் சக்கர ஒழுங்கமைப்பு செய்யப்படுகிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சோதிப்பது வழக்கம்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக்கூடாது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2019ஆம் ஆண்டில் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. உத்தரவாதத்திலும் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கல் எழலாம். ஆகவே பாகங்களை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவது நல்லது. தேய்ந்த விற்களையும் தணிப்பான்களையும் அதே அளவிலான தரமான புதியவற்றால் மாற்றுவதே பல வண்டிகளுக்குப் போதுமான மேம்பாடாக அமைகிறது.