வங்கியும் மக்களின் சினமும்



அண்மையில் ஒரு நாட் காலை, டிக்கோயாவில் எங்கள் பாடசாலை வாயிலில் ஓர் அன்னையார் எனக்காகக் காத்திருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் எம்மிடம் பயின்றவள். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து அவருக்குரிய பணம் கிடைத்திருந்தது. “பெரிய மாஸ்டர், இந்தக் காசைப் பேங்கிலே போடலாமா? அவர்களை நம்பலாமா?” என்று வினவினார். அவ்வினாவில் அச்சம் பாதி, சினம் பாதி. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியைக் கண்டவர் எவரும் அச்சினத்தைத் தவறென்று கூற மாட்டார். எனினும், அது எங்கே செல்ல வேண்டும், எங்கே செல்லலாகாது என்பதைச் சிந்திப்பது நம் கடமையாகும்.

முதலில், வங்கி என்பது யாது? நாம் இடும் நூறு ரூபாவில் ஒரு சிறு பகுதியையே வங்கி கையிருப்பாக வைத்துக்கொள்கிறது. எஞ்சியதை வணிகருக்கும் விவசாயிக்கும் அரசுக்கும் கடனாகக் கொடுத்து, அதனால் வரும் வட்டியில் ஒரு பங்கை நமக்குத் தருகிறது. கொடுத்த கடன் திரும்பி வரப் பல ஆண்டுகள் செல்லும். நாம் இட்ட பணத்தையோ கேட்டவுடன் கொடுக்க வேண்டும். ஆகவே, வைப்பிலிட்டோர் அனைவரும் ஒரே நாளில் வந்து நின்றால், ஒழுங்காக நடைபெறும் வங்கியுந் தடுமாறும். தகாத இடத்திற் கடன் கொடுத்த வங்கியோ வீழ்ந்தே விடும்.

அவ்வாறு வீழ்ந்த ஒரு வங்கியின் கதை நம் மலைநாட்டோடு பிணைந்தது. தேயிலைக்கு முன் இங்கே கோப்பியே ஆட்சி செய்தது. டிக்கோயாப் பள்ளத்தாக்கின் காடுகளும் கோப்பிக்காகவே வெட்டப்பட்டன. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறத் துருநோய் ஒன்று காணப்பட்டது. எனினும், கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால் தோட்டத் துரைமார் மேலும் மேலும் கடன் பெற்றுப் புதுக் காடுகளைத் திறந்தனர். அவர்களுக்குப் பணம் வழங்கியவற்றுள் முதன்மையானது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1842இல் பம்பாயில் தோன்றிப் பின் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இவ்வங்கி, இலங்கையில் நாணயத் தாள்களையும் வெளியிட்டு வந்தது. அக்காலத்தில் அரசு தாள் நாணயம் வெளியிடவில்லை. மக்கள் கையில் புழங்கியது வங்கியின் வாக்குறுதியே.

துருநோய் தோட்டங்களை அழித்தது, கடன்கள் திரும்பவில்லை. மொறீசியசுச் சீனித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடனும் வங்கியின் சுமையை மிகுவித்தது. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் அது கதவை அடைத்தது. சட்டைப் பையிலிருந்த தாள் ஒரே நாளில் வெறுங் காகிதமாகுமோ என்று வர்த்தகரும் எளியவருங் கலங்கினர். அவ்வேளையில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், இலண்டனின் முன் அனுமதிக்குக் காத்திராது, அவ்வங்கியின் நாணயத் தாள்களுக்கு அரசே பொறுப்பென்று அறிவித்தார். கலக்கம் அடங்கிற்று. அதே ஆண்டில் தாள் நாணயக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1885 முதல் அரசின் நாணயத் தாள்கள் புழக்கத்திற்கு வந்தன. இன்று நம் கையிலுள்ள ரூபாத் தாள் ஒரு தனியார் வங்கியின் வாக்காக இல்லாமல் நாட்டின் வாக்காக இருப்பதற்கு அந்நாளின் வீழ்ச்சியே காரணம்.

நேயர்களே, இக்கதையில் ஓர் உண்மையை மறத்தலாகாது. தாள் வைத்திருந்தோரை அரசு காத்தது. தாளும் இன்றி, வைப்பும் இன்றி, மாதக் கணக்கிற் கூலி நிலுவையாகி நின்ற தொழிலாளரின் நிலை யாது? வங்கி வாயிலையே மிதித்தறியாத அவர்கள், துரை வாங்கிய கடனுக்குந் தம் பட்டினியால் வட்டி கட்டினர். பலர் வந்த வழியே தமிழகத்திற்குத் திரும்பினர். கூலியைத் தோட்டத்தின் மீதான முதற் கடனாகக் கருத வேண்டும் என்னுஞ் சட்டம் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. அத்துயரத்திற்குப் பின்னரே அந்நீதி வந்தது.

இனி, கடல் கடந்து சென்னையைப் பார்ப்போம். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாள், பெரும் புகழ் பெற்ற ஆர்பத்நட் நிறுவனம் முறிந்தது. ஓய்வூதியக்காரரும் கைம்பெண்களும் வாழ்நாட் சேமிப்பை இழந்தனர். தென்னாடெங்கும் சினம் பொங்கியது. அச்சினம் இரு வழிகளிற் சென்றது. ஒன்று நீதிமன்றம்: நிறுவனத்தின் தலைவர் சேர் ஜோர்ஜ் ஆர்பத்நட் பதினெட்டு மாதக் கடுங்காவற் றண்டனை பெற்றார். மற்றொன்று ஆக்கம்: வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முன்னின்று, நம்மவர் பணத்தை நம்மவரே பொறுப்புடன் காக்க வேண்டுமெனக் கூறி இந்தியன் வங்கியை நிறுவினர். அது 1907ஆம் ஆண்டு ஓகஸ்டு 15ஆம் நாள் பணி தொடங்கிற்று. இலங்கையிலும், உள்ளூரவர்க்குக் கடன் மறுத்த வெளிநாட்டு வங்கிகள் மீதிருந்த மனக்குறையே 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழுவிற்கும், 1939இல் இலங்கை வங்கி தோன்றுவதற்கும் வழிவகுத்தது.

இப்பொழுது நம் காலத்திற்கு வருவோம். 2022 ஏப்பிரல் 12ஆம் நாள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு செப்தெம்பரிற் கொழும்பின் விலைவாசி ஏற்றம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது. நெடுநாட் போராட்டத்தின் பின் 2021இற் கிட்டிய ஆயிரம் ரூபா நாட்கூலி, முன்போலப் பொருள் வாங்க இயலாததாயிற்று. வங்கி ஒன்றும் முறியவில்லை. ஆயினும் காசு கையிலிருக்கும்போதே கரைந்தது.

2023 யூலை மாதத்தில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றம் ஏற்றது. ஊழியர் சேமலாப நிதியின் கையிலிருந்த திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. அவற்றுக்கு 2025 வரை 12 விழுக்காடும், அதன்பின் 9 விழுக்காடும் வட்டி என்று வகுக்கப்பட்டது. வங்கிகளின் திறைசேரி முறிகளோ தொடப்படவில்லை. வங்கிகள் முன்னரே உயர்ந்த வரி செலுத்துகின்றன, அவை சரிந்தால் கோடிக்கணக்கான வைப்புகள் ஆபத்திற்குள்ளாகும் என்பது அரசின் வாதம். உழைப்பாளியின் முதுமைக் காசைத் தொட்டு, இலாபம் ஈட்டும் வங்கியை விட்டதேன் என்பது தொழிற்சங்கங்களின் வாதம். முதல் வாதத்தின் அச்சம் பொய்யன்று. 1884 அதற்குச் சான்று. ஆனால் இரண்டாம் வாதத்தின் வேதனையும் பொய்யன்று; அதற்கும் 1884ஏ சான்று. இவ்வேதனை ஆறுமுன், 2024இன் தொடக்கத்தில் மத்திய வங்கி தன் ஊழியரின் சம்பளத்தைப் பெரிதும் உயர்த்திய செய்தி வெளிவந்தபோது, நாடெங்கும் கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை.

ஆயின், சினம் வீணாகவில்லை. குடிமக்கள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2023 நவம்பர் 14ஆம் நாள் வழங்கப்பட்ட பெரும்பான்மைத் தீர்ப்பு, முன்னாள் சனாதிபதிகள் கோட்டாபய ராஜபக்ஷ, மகிந்த ராஜபக்ஷ ஆகியோரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன் ஆகியோரும், வேறு சிலரும் பொதுமக்கள் தம்மீது வைத்த நம்பிக்கையை மீறினர் என்று கூறிற்று. மக்களுக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. எனினும், பணத்தை ஆள்வோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பது சட்டத்தின் வாயால் உறுதியாயிற்று.

அன்னையாரின் வினாவுக்கு நான் சொன்ன விடை இது. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற இடத்திலே போடுங்கள். வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒன்று இருக்கிறது. 2021 முதல் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை அது ஈடுசெய்யும். அதற்கு மிகுந்தால் இரண்டு இடங்களிற் பிரித்துப் போடுங்கள். இரட்டிப்பு வட்டி தருவதாகக் கூறி வீடு தேடி வருபவரிடம் ஒரு சதமுங் கொடாதீர்கள். புத்தகத்தில் வரவைப் பதிந்து தருமாறு கேளுங்கள். விளங்காததைத் தமிழிலே விளக்குமாறு கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். “கேட்டால் ஏசுவார்களே, மாஸ்டர்?” என்றார். அடுத்த நாள் விடுமுறையாதலால், நானும் அவருடன் ஹட்டனுக்குப் பேருந்திற் சென்றேன். வங்கியிற் கேள்விகளை அவரே கேட்டார். எழுத்தர் பொறுமையுடன் விடை கூறினார்.