கூரை காற்றில் போகுமுன்...



ஐப்பசி பிறந்துவிட்டால் சேலையூரிலும் இராஜகீழ்ப்பாக்கத்திலும் செம்பாக்கத்திலும் குடியிருப்போரின் கண்கள் ஒருமுறை வானத்தின் பக்கமும், மறுமுறை ஏரிக்கரையின் பக்கமும் செல்வது வழக்கமாகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2 அன்று காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துடனும், இடையிடையே 125 கிலோமீட்டர் வரை எழும்பிய வீச்சுடனும் சென்னைக் கரையைக் கடந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன.

முதலாவது சோதனை தரைக்கு வந்தது; இரண்டாவது கூரைக்கு வந்தது. தரைக்கு வந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். கால்வாய், ஏரி, ஆக்கிரமிப்பு என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். கூரையைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசினோம்? மொட்டை மாடியில் வெயிலுக்காகப் போட்ட தகரக் கொட்டகை எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதை உங்களில் எத்தனை பேர் ஏறிப் பார்த்திருக்கிறீர்கள்?

வெளிநாட்டில் ஒரு வழக்கம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆலங்கட்டி மழை வீட்டுக் கூரைகளைப் பதம் பார்க்கிறது. அங்கே கூரை ஓடுகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 2 அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஓட்டின் மீது விழச் செய்கிறார்கள். ஒரே இடத்தில் இருமுறை விழுந்தும் ஓடு பிளவுபடாமல் இருந்தால் அதற்கு நான்காம் தரம், அதாவது மிக உயர்ந்த தரம், அளிக்கப்படுகிறது. அத்தகைய கூரை வேய்ந்தவர்களுக்கு வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி தரும் ஏற்பாடு 1998 முதல் அம்மாநிலத்தில் இருந்துவருகிறது. கூரை உறுதியாக இருந்தால் நஷ்டம் குறையும். நஷ்டம் குறைந்தால் நிறுவனத்துக்கும் இலாபம், வீட்டுக்காரருக்கும் இலாபம் என்பது அவர்கள் கணக்கு.

ஆலங்கட்டி மழை நமக்கும் அந்நியமன்று. கோடை மழையின்போது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் அது விழுவதுண்டு. 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் மாண்டனர். உலகில் பதிவான ஆலங்கட்டி விபத்துகளில் இதுவே மிகக் கொடியது. ஆயினும் சென்னையின் தென்புறத்தில் வாழும் நமக்கு ஆலங்கட்டி அரிது. காற்றுதான் வாடிக்கையான விருந்தாளி. ஆகவே டெக்சாஸ்காரர் ஆலங்கட்டியை மனத்தில் வைத்துக் கூரை போடுவதுபோல, நாம் காற்றை மனத்தில் வைத்துப் போட வேண்டும்.

காற்று அழுத்துவதில்லை, தூக்குகிறது

காற்று கூரையை மேலிருந்து அழுத்தும் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. கூரையின் மேல் விரைந்து ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கொட்டகையின் பக்கங்கள் திறந்திருந்தால், உள்ளே புகும் காற்று அடியிலிருந்தும் தள்ளுகிறது. மேலே இழுப்பு, கீழே தள்ளல் என்று இரண்டும் சேர்கின்றன. ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த விசை மிக அதிகம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ. அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 4 கிலோதான். 20 அடிக்கு 20 அடி கொட்டகையை எடுத்துக்கொண்டால், தகடுகளின் மொத்த எடை சுமார் 150 கிலோ. காற்றின் விசையோ ஏறக்குறைய இரண்டரை டன்! எடையை நம்பிக் கூரை நிற்பதில்லை. பிணைப்பை நம்பியே நிற்கிறது. மேலே நாலு செங்கற்களையும் பழைய டயரையும் தூக்கி வைப்பதால் யாதொரு பயனுமில்லை. புயலில் அவையே பறந்து பிறர் தலையில் விழும்.

இன்னொன்று: காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி சென்னையில் கட்டிட வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். "வர்தாவையே தாங்கிய கொட்டகை, இனி எதையும் தாங்கும்" என்று யாரும் நிம்மதி கொள்வதற்கில்லை.

மழைக்கு முன் ஒரு நாள்

வேலை தெரிந்த வெல்டிங்காரர் ஒருவரை அழைத்து, ஒரு நாள் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, தூண்களின் அடி. தூண் தளத்தின் மீது வெறுமனே நிற்கிறதா, அல்லது அடித்தகட்டுடன் கான்கிரீட்டுக்குள் போல்ட் இறக்கி முடுக்கப்பட்டிருக்கிறதா? சுருக்கி போட்ட மேல்பூச்சிலோ, தட்டோட்டிலோ மட்டும் பிடித்த போல்ட் இழுவைக்கு நிற்காது. பூச்சைத் துளைத்த இடத்தில் நீர்க்கசிவு அடைப்பும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஸ்க்ரூவும் கொக்கி போல்ட்டும். துருப்பிடித்தவற்றையும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்தவற்றையும் மாற்றுங்கள். ஓரங்களிலும் மூலைகளிலும் ஸ்க்ரூக்கள் நெருக்கமாக இருக்கட்டும். விளிம்புக்கு வெளியே தகடு நெடுக நீண்டிருந்தால் வெட்டிக் குறையுங்கள். காற்று பிடித்து இழுக்க அதுவே கைப்பிடியாகிறது.

மூன்றாவது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அது எளிதில் நொறுங்கும். அதன் தூசு மூச்சில் போனால் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பழைய ஷீட்டைக் குழந்தைகள் அருகிருக்க அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். நனைத்து, முழுதாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, மாடியில் இருக்கும் பிற பொருள்கள். காலியான பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காற்றில் உருளும். நிரம்பிய தொட்டி அசையாது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் தொட்டியை நிரப்பிவிடுங்கள். பூந்தொட்டி, பலகை, கிடுகு யாவற்றையும் கீழே இறக்குங்கள். கூரைமேல் சாயும் கிளைகளை முன்னதாகவே கழித்துவிடுங்கள்.

இல்லத்தரசிகளே, இதில் உங்கள் பங்கே பெரிது. துணி உலர்த்த நாள்தோறும் மாடி ஏறுபவர் நீங்கள். ஆடும் தகட்டின் ஓசையை முதலில் கேட்பதும் நீங்களே. அந்த ஓசையை அலட்சியம் செய்யாதீர்கள்.

காப்பீடு என்ன செய்யும்?

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவின் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் ஒரே வாசகமுள்ள வீட்டுப் பாலிசியை வழங்க வேண்டும் என ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், மரம் விழுதல் முதலியன இதில் அடங்கும். மனையின் விலை இதில் சேராது. திரும்பக் கட்டுவதற்கு ஆகும் செலவே காப்பீட்டுத் தொகை. 1000 சதுர அடி வீட்டுக்கு அடிக்கு 2500 ரூபாய் என வைத்துக்கொண்டால் 25 இலட்சம். அதில் 20 விழுக்காடு, அதாவது 5 இலட்சம், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கிறது; இதன் உச்ச வரம்பு 10 இலட்சம். வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால் வாடகை இழப்புக்கும் ஈடு உண்டு. மாடிப் பகுதியின் வாடகையைக் கொண்டே காலந்தள்ளும் விதவைச் சகோதரிகளுக்கு இது சிறிய செய்தியன்று.

ஆனால் கவனியுங்கள். ஓலை, மூங்கில், தார்ப்பாய் முதலியவற்றால் ஆன கூரைக்கு இந்தப் பாலிசி இல்லை. ரொக்கம் சேராது, நகைக்குத் தனியே கூடுதல் பிரீமியம் செலுத்த வேண்டும். மாடிக் கொட்டகையையும் மதிலையும் தொட்டியையும் சூரிய ஒளித் தகடுகளையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டு, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேதம் நேர்ந்தால் உடனே அறிவித்து, 30 நாட்களுக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள், வங்கி எடுத்த பாலிசியின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

டெக்சாஸில் உள்ளது போன்ற கூரைத் தள்ளுபடி நமது பாலிசியின் பொது வாசகத்தில் இல்லை. அதனால் கூரையை உறுதிப்படுத்தும் செலவு வீண் என்று எண்ணிவிட வேண்டாம். பறக்காத கூரையே உங்கள் சேமிப்பு. மேலும் இந்தப் பாலிசி உங்கள் கட்டிடத்துக்கானது. உங்கள் தகடு பறந்து அடுத்த வீட்டுப் பிள்ளையை வெட்டினால், அந்தக் காயத்துக்கு எந்த நிறுவனம் ஈடு செய்யும்? அண்டை வீட்டாரின் உரிமையை அத்துணை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மார்க்கத்தின் பார்வையில்

நம் குடும்பங்களில் காப்பீடு என்றதும் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. 1985-இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீடு பெரும் 'ஙரர்' அடங்கியதாதலால் ஆகாது என்றும், நன்கொடை, ஒத்துழைப்பு ஆகிய அடிப்படைகளில் அமைந்த கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் தீர்மானித்தது. 'தகாஃபுல்' எனப்படும் அம்முறை சூடானில் 1979-லேயே தொடங்கிவிட்டது. மலேசியா 1984-இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. இலங்கையிலும் அது நடைபெறுகிறது. இந்தியாவில் அதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. இந்நிலையில் என்ன செய்வது என்பதை உங்கள் நிலைமையை எடுத்துரைத்து, நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஆனால் ஒன்றில் கருத்து வேறுபாடே இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கூரையை முடுக்குவது எந்த மத்ஹபிலும் தடுக்கப்பட்டதன்று. அதற்கும் வசதியற்ற வீடுகள் ஒவ்வொரு முஹல்லாவிலும் உண்டு. வெல்டிங் தெரிந்த இளைஞர்கள் நம் ஜமாஅத்துகளில் குறைவா? மழைக்கு முன் இரண்டு வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பின் அந்த வீடுகளுக்குச் சென்று ஸ்க்ரூவும் போல்ட்டும் மாற்றிக் கொடுத்தால், பைத்துல் மாலுக்கு ஆகும் செலவு சில ஆயிரங்கள். புயலுக்குப் பின் அதே வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுக்க ஆகும் செலவை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த புயலுக்கு என்ன பெயர் வரும் என்பது நமக்குத் தெரியாது. அது வரும் என்பது தெரியும். இந்த இதழை மூடி வைத்துவிட்டு, ஒளி இருக்கும்போதே ஒருமுறை மாடிக்கு ஏறிப் பாருங்கள். வல்ல இறைவன் நம் இல்லங்களையும் நம் அண்டை வீட்டாரையும் காத்தருள்வானாக! ஆமீன்.