தக்காளிக்குப் போகும் பொள்ளாச்சித் தூள்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போகிறவர்கள் சாலையோரக் களங்களில் செம்பழுப்பாய்க் காயும் தூளைப் பார்த்திருப்பார்கள். தேங்காய் மட்டையில் நாரை எடுத்தபின் மிஞ்சும் கழிவு அது. ஒரு காலத்தில் நார் மில்லுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். சும்மா கொடுத்தாலும் அள்ள ஆள் வராது. 2020-21இல் இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதி சுமார் 3,779 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி இந்தத் தூள் சம்பாதித்தது.

தென்னை அன்றும் இருந்தது, தூளும் இருந்தது. காசாக்கியது அலசல். தூளில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு. செடி வளர்க்க மண்ணுக்குப் பதிலாக அப்படியே போட்டால் வேர் கருகும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்துகிறார்கள். வாங்குபவர் உப்பளவு காட்டும் மீட்டரை வைத்துப் பார்ப்பார். அலசி உப்பு குறைந்த 'லோ ஈ.சி.' கட்டிக்கு ஒரு விலை, அலசாததற்கு வேறு விலை.

கட்டியாக அழுத்துவது கப்பல் கூலிக்குப் பயந்துதான். மலிவான, இடத்தை அடைக்கிற சரக்கு இது. 2021இல் கன்டெய்னர் வாடகை எகிறியபோதும், 2023 கடைசியில் செங்கடல் தாக்குதலால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியபோதும் அடி பலமாக விழுந்தது இப்படிப்பட்ட சரக்குக்குத்தான். நாரின் கதை இன்னும் மோசம். சீனா வாங்கி மெத்தை செய்கிறது. மெத்தையின் லாபம் அங்கே.

தூளை வாங்கும் நாடுகளில் ஒன்று நெதர்லாந்து. வளம் மட்டும் போதாது என்பதற்கு அந்த நாடே சாட்சி. அங்கே 1959இல் குரோனிங்கனில் எரிவாயு கிடைத்தது. விற்ற பணம் நாணய மதிப்பை ஏற்றிவிட, மற்றத் தொழில்களின் ஏற்றுமதி நசுங்கியது. 1977இல் 'எக்கனாமிஸ்ட்' இதழ் அதற்கு 'டச்சு நோய்' என்றே பெயர் வைத்தது. வளம் இருந்தும் அடிபட்ட அதே நாடு, பெயருக்கு ஒரு தென்னந்தோப்புகூட இல்லாமல், நம் தூளிலும் தக்காளி வளர்த்து ஊருக்கெல்லாம் விற்கிறது!

நமக்கோ வேர் வாடல் நோயில் மரங்கள் போகின்றன. மட்டை குறைந்தால் தூளும் குறையும். அதைவிட என்னை உறுத்துவது தண்ணீர். அலசுவது நம் நிலத்தடி நீரில். ஏற்றுமதி பில்லில் அதற்கு விலை கிடையாது. அலசிய உப்புத் தண்ணீர் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் இறங்கினால் அந்த நஷ்டம் விவசாயி தலையில். அலசும் நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தாத களங்களுக்கு அரசு அனுமதி தரக் கூடாது.