கண்ணாடி டம்ளரில் ஒரு மண்ணாங்கட்டி

மீஞ்சூர் பக்கம் வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால், காய்ந்த சிறு கட்டி ஒன்றை எடுத்து, மழைநீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரில் மெல்லப் போட்டு அசைக்காமல் வையுங்கள். சில மணி நேரம் கழித்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அது பெரும்பாலும் உவர் மண். பால்போலக் கலங்கினால் களர். இரண்டையும் ஒன்றென நினைத்து ஒரே மருந்து போடுகிறோம். காசும் போகிறது, நிலமும் தேறுவதில்லை.

உப்புக்குக் கால் கிடையாது. தண்ணீர் தூக்கிப்போகும் இடத்துக்குப் போகும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் தங்கிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள போர்வெல் தண்ணீரை ஒரு ஏக்கரில் 2 அங்குலம் நிற்கப் பாய்ச்சினால், வயலுக்குள் சுமார் 200 கிலோ உப்பு சேர்கிறது. ஒரே ஒரு பாய்ச்சலில் நான்கு மூட்டை! அதை அடிமண்ணுக்குக் கீழே தள்ளி வடிகாலில் வெளியேற்ற மழையோ நல்ல தண்ணீரோ வரவில்லையென்றால், நவரை அறுவடைக்குப் பிறகு அடிக்கும் வெயிலில் அது மேலே ஏறி வந்துவிடும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, மண்ணின் நுண்துளைகள் கீழிருக்கும் நீரை மேலே இழுக்கின்றன. மணலில் இந்த ஏற்றம் வேகமானது, ஆனால் உயரம் குறைவு. களிமண்ணில் மெதுவாக நடக்கும், வெகு உயரத்துக்குப் போகும்.

இந்த வட்டாரத்துக்கு உப்பு பக்கவாட்டிலும் வந்தது. 1960களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வில், ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து தண்ணீர் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனது, வயல்களுக்கும் இறைத்தார்கள். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் என்ன ஆகும்? 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்புநீர் 1987இல் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. அதே ஆண்டில்தான் சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. என் பார்வையில் அது மிகவும் பிந்திய விழிப்பு.

இனிதான் டம்ளருக்குள் நடந்த அதிசயம். கடல்நீரில் சோடியம் மிகுதி. களிமண் துகள்களைப் பிடித்திருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்கிறது. உப்பு நிறைய இருக்கும்வரை துகள்கள் ஒட்டியே இருக்கும். மழை பெய்து உப்பு கழுவப்பட்டதும் சோடியம் பிடித்த துகள்கள் பிரிந்து நீரில் கலங்கி, துளைகளை அடைத்துவிடும்: டம்ளரில் கலங்கிய களர் இதுதான். நல்ல மழைக்குப் பிறகு வயல் இறுகிப் போனது ஏன் என்று திகைக்கும் உழவருக்கு இதுதான் பதில். உவர் நிலத்துக்கு வேண்டியது நல்ல தண்ணீரும் வடிகாலும். களருக்கு முதலில் ஜிப்சம்: அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். வெளியேறிய சோடியம் வடிந்து போக வழியில்லையென்றால் போட்ட ஜிப்சமும் வீண்.

அமிலமும் தண்ணீரின் வேலைதான், திசை மட்டும் வேறு. நீலகிரியில் ஓயாத மழை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கீழே அரித்துக்கொண்டு போய்விடுவதால் தேயிலைத் தோட்ட மண் புளித்துக் கிடக்கிறது. 1909இல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்த பி.எச். அளவில் 7 நடுநிலை. ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. களர் நிலம் 8.5ஐத் தாண்டி நிற்கும். உவரைக் காட்டுவது பி.எச். அல்ல, மின்கடத்துதிறன். அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் நிலம் என்பார்கள். மண் பரிசோதனை அட்டையில் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மண் எடுக்கும்போது மேலே ஒரு சாண், அதற்குக் கீழே ஒரு சாண், அதற்கும் கீழே ஒரு சாண் எனத் தனித்தனிப் பைகளில் எடுங்கள். மேல் பையில் உப்பு அதிகமென்றால் உங்கள் வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அடிப்பையில் அதிகமென்றால் இறங்கிக்கொண்டிருக்கிறது.