சொல்லாமல் மூடிக்கொள்ளும் லினக்ஸ் புரோகிராம்... 'ஃபார்மட்' போடும் முன் இதைப் பாருங்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் புதுச்சேரியில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிபடும் பெயர் 'சென்டாக்'. கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பம் ஆன்லைனில்தான். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கும்போது, திரையில் இருந்த பிரவுசர் பட்டென்று காணாமல் போனால் எப்படி இருக்கும்? பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. சுவர்ப்படம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். திரும்பத் திறந்தால் ஐந்து நிமிடம் ஓடும், மறுபடி மறைந்துவிடும்.

பாகூர் கொம்யூனில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் சோரியாங்குப்பம் போன்ற ஊர்களில் இது இன்னும் பெரிய தலைவலி. பழுது பார்க்க வேண்டுமானால் பாகூருக்கோ, கடலூருக்கோ, புதுச்சேரி நகரத்துக்கோ சி.பி.யு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போனாலும் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுடலாம்."

ஃபார்மட் போட்டால் கல்யாண போட்டோ, பிள்ளையின் புராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாம் போய்விடும். கோளாறு வேறு இடத்தில் இருந்தால், அடுத்த வாரமே அதே பிரவுசர் மறுபடியும் மூடிக்கொள்ளும்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் நின்றுபோனால், ஏன் நின்றது என்ற குறிப்பு பெரும்பாலும் எங்கேயாவது பதிவாகியிருக்கும். அதை எங்கே பார்ப்பது, எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரிந்தால் போதும். பாதிப் பிரச்னையை வீட்டிலேயே தீர்த்துவிடலாம்.

நம் வீடுகளுக்குள் வந்த லினக்ஸ்

லினக்ஸ் என்றால் ஏதோ இன்ஜினீயர்கள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. லட்சக்கணக்கான மாணவர்கள் லினக்ஸை முதலில் பார்த்தது அந்தத் திரையில்தான்.

அடுத்த அலை இப்போது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று மாறுகிறார்கள். செலவில்லாமல் கிடைக்கும் நல்ல வழிதான். ஆனால் 2 ஜி.பி., 4 ஜி.பி. ராம் உள்ள பழைய பெட்டியில் இன்றைய பிரவுசரை ஓட்டும்போதுதான் இந்த 'காணாமல் போகும்' வேலை தொடங்குகிறது.

முதலில் மூன்று கேள்விகள்

எதையும் தொடுவதற்கு முன், ஒரு பேப்பரை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

ஒன்று, நின்றது ஒரு புரோகிராமா, மொத்தக் கம்ப்யூட்டருமா? கம்ப்யூட்டரே அணைந்தால் அது கரன்ட், பவர் சப்ளை, சூடு சம்பந்தப்பட்டது. ஃபேனில் அடைந்த தூசியே காரணமாக இருக்கலாம். புரோகிராம் மட்டும் மறைந்தால் மேலே படியுங்கள்.

இரண்டு, எப்போதும் அதே புரோகிராம்தானா? இன்று பிரவுசர், நாளை லிபர் ஆபீஸ், மறுநாள் வீடியோ பிளேயர் என்று மாறி மாறி நின்றால் சந்தேகம் புரோகிராம் மேல் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் ராம் அல்லது ஹார்ட் டிஸ்க் மேல் போக வேண்டும்.

மூன்று, குறிப்பிட்ட ஒரு ஃபைலைத் திறக்கும்போது மட்டும் நிற்கிறதா? அப்படியென்றால் கோளாறு அந்த ஃபைலோடு சேர்ந்தது. இது நடக்காத விஷயமல்ல. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து மெசேஜில் வந்தாலே ஐபோனில் பல ஆப்கள் படுத்துவிட்டன. ஆப்பிள் நிறுவனம் அவசரமாக அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. எழுத்தைப் பார்த்தவர் மேலும் தப்பில்லை, அனுப்பியவர் மேலும் தப்பில்லை. எழுத்தை வரைந்து காட்டும் நிரலில்தான் ஓட்டை.

குறிப்பு எங்கே இருக்கிறது?

ஐகானைக் கிளிக் செய்து திறக்கும்போது, புரோகிராம் கடைசியாகச் சொன்னது நம் கண்ணில் படாது. அதையே 'டெர்மினல்' என்ற கறுப்புத் திரையிலிருந்து திறந்தால் கண்ணில் படும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஆங்கில 'டி' எழுத்தைத் தட்டினால் உபுண்டுவிலும் மின்டிலும் டெர்மினல் திறக்கும். அதில் புரோகிராமின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். உதாரணமாக, ஃபயர்ஃபாக்ஸ். புரோகிராம் வழக்கம்போல் திறக்கும். அது மறைந்ததும் டெர்மினலில் இருக்கும் கடைசிச் சில வரிகளை உங்கள் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல் என்றாலே பயம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. மெனுவில் 'லாக்ஸ்' என்று தேடினால் கம்ப்யூட்டரின் நாட்குறிப்பு போல ஒரு பக்கம் திறக்கும். புரோகிராம் நின்ற நேரத்தை நினைவில் வைத்து, அந்த நிமிடத்துக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அங்கே அதிகம் தட்டுப்படுபவை மூன்று ஆங்கில வாசகங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

'கில்டு' என்று இருந்தால்

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ராம் தீர்ந்துபோய்விட்டது என்று இதற்குப் பெரும்பாலும் அர்த்தம். 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வார்த்தைகளும் லாக்ஸில் பக்கத்திலேயே இருந்தால் சந்தேகமே இல்லை.

ஏரி நிரம்பி வழியும்போது கரை உடையாமல் இருக்கக் கலிங்கல் வழியாக உபரி நீர் வெளியேறுகிறது அல்லவா? லினக்ஸின் மையமான கெர்னலும் அதைத்தான் செய்கிறது. ராம் நிரம்பி மொத்தக் கம்ப்யூட்டரும் உறைந்துபோவதற்குள், அதிக இடத்தைப் பிடித்திருக்கும் ஒரு புரோகிராமைப் பார்த்து வெளியேற்றிவிடுகிறது. அந்தப் பட்டியலில் முதலிடம் பெரும்பாலும் பிரவுசருக்குத்தான்.

2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04-ல், ராம் முழுசாகத் தீரும் முன்பே தலையிடும் ஒரு காவலாளி புரோகிராமும் சேர்க்கப்பட்டது. அது கொஞ்சம் அவசரக்காரராக இருந்தது. 'வேலை செய்துகொண்டிருக்கும்போதே பிரவுசரை மூடிவிடுகிறது' என்று உலகம் முழுவதிலிருந்தும் புகார்கள் குவிந்தன. உபுண்டு குழு அதன் அமைப்பை மாற்றி அப்டேட் கொடுத்தது.

இதற்கு என்ன செய்வது? 'சிஸ்டம் மானிட்டர்' என்ற புரோகிராமைத் திறந்து, எது எவ்வளவு ராம் சாப்பிடுகிறது என்று பாருங்கள். பிரவுசரில் தேவையில்லாத டேப்களை மூடுங்கள். எக்ஸ்டென்ஷன்களைக் குறையுங்கள். சென்டாக் போன்ற முக்கியமான விண்ணப்பம் நிரப்பும்போது அந்த ஒரு டேப் மட்டும் இருக்கட்டும். பாட்டு, வீடியோ வேண்டாம். கம்ப்யூட்டரில் இன்னொரு ராம் போட இடமிருந்தால் 4 ஜி.பி. சேர்ப்பது பலன் தரும். அதுவும் முடியாது என்றால் லுபுண்டு, மின்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு போன்ற எடை குறைந்த லினக்ஸுக்கு மாறலாம்.

'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று இருந்தால்

ஒவ்வொரு புரோகிராமுக்கும் ராமில் அளந்து கொடுக்கப்பட்ட நிலம் உண்டு. வரப்பைத் தாண்டித் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் கால் வைத்தால், கெர்னல் அந்த நொடியே அதை நிறுத்திவிடும். அந்த வரப்புத் தகராறின் பெயர்தான் இது.

பக்கத்திலேயே 'கோர் டம்ப்டு' என்றும் இருக்கும். இந்த 'கோர்' பழைய காலத்து வார்த்தை. 1950, 60-களில் கம்ப்யூட்டரின் நினைவகம், கம்பியில் பாசிமணி கோத்ததுபோலக் கோத்த குட்டிக் குட்டிக் காந்த வளையங்களால் ஆனது. அந்த வளையத்தின் பெயர் கோர். வளையங்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிற்கும் நேரத்தில் நினைவகத்தில் என்ன இருந்தது என்பதைப் பிரதி எடுத்தாயிற்று என்பதே அதன் பொருள்.

பெரும்பாலும் இது புரோகிராமை எழுதியவர்கள் பக்கத்துப் பிழை. நீங்கள் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டதாக வருந்த வேண்டாம். முதலில் எல்லா அப்டேட்களையும் போட்டுப் பாருங்கள். கோளாறு ஓர் அப்டேட்டுக்குப் பிறகே தொடங்கியது என்றால், கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் தொடங்கிப் பாருங்கள். பிரவுசர் மட்டும் நிற்கிறது என்றால், அதன் செட்டிங்ஸில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்பதை நிறுத்திவையுங்கள். பழைய கிராஃபிக்ஸ் சிப் உள்ள கம்ப்யூட்டர்களில் இது பல நேரம் கைகொடுக்கும்.

எந்த மாற்றத்தாலும் சரியாகவில்லை, வெவ்வேறு புரோகிராம்களும் இப்படியே நிற்கின்றன என்றால் ராமையே சோதிக்க வேண்டும். அதற்கு 'மெம்டெஸ்ட்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. இரவு முழுக்க ஓட விட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ராமைச் சந்தேகிக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றித் துடைத்து அழுத்திப் பொருத்தினாலே சிலவற்றில் சரியாகிவிடும். இல்லையென்றால் மாற்ற வேண்டியது ராமை மட்டும்தான்.

'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று இருந்தால்

டிஸ்கில் இடமில்லை. புரோகிராம்கள் ஓடும்போது தற்காலிகக் குறிப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும். எழுத இடமில்லை என்றால் சில புரோகிராம்கள் சத்தமில்லாமல் படுத்துவிடும். 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' திறந்தால் எந்த ஃபோல்டர் பெருத்திருக்கிறது என்று வட்டப் படமாகக் காட்டும். மொபைலிலிருந்து கொட்டிய வீடியோக்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர், காலி செய்யாத டிராஷ் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். வேண்டியதைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு மற்றதை அழியுங்கள்.

கரன்ட் போன பிறகு திறக்கவே மறுத்தால்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரன்ட் போய்ப் போய் வருவது தெரிந்த கதை. யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டரில், ஒரு புரோகிராம் தன் செட்டிங்ஸை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரன்ட் போனால் அந்த ஃபைல் பாதியில் சிதைந்துவிடலாம். பிறகு திறக்கும்போதெல்லாம் அந்த அரைகுறை ஃபைலைப் படித்துத் தடுக்கி விழும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: கம்ப்யூட்டரில் இன்னொரு யூசர் கணக்கைத் தொடங்கி, அதில் அதே புரோகிராமைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் புரோகிராம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கணக்கின் செட்டிங்ஸ்தான் கெட்டிருக்கிறது.

ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல் பட்டனோடு ஆங்கில 'எச்' தட்டினால், புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். அந்தப் புரோகிராமுக்கான ஃபோல்டரின் பெயரை மாற்றிவையுங்கள். அழித்துவிடாதீர்கள்! ஃபயர்ஃபாக்ஸ் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் அப்படிப்பட்ட ஃபோல்டரில்தான் இருக்கின்றன. பெயரை மாற்றினால் புரோகிராம் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழையது பத்திரமாக இருக்கும்.

லிபர் ஆபீஸுக்கு இவ்வளவு வேலைகூட வேண்டாம். 'ஹெல்ப்' மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் அதே ஹெல்ப் மெனுவில் 'டிரபிள்ஷூட் மோட்' உண்டு. லிபர் ஆபீஸில் ஃபைலைத் தானாகச் சேமிக்கும் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம். அதை 2 நிமிடமாகக் குறைத்துவிட்டால், எப்போது மூடிக்கொண்டாலும் நஷ்டம் இரண்டு நிமிட வேலைதான்.

செய்யவே கூடாதவை

இன்டர்நெட்டில் கிடைக்கும் கட்டளைகளைப் புரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள். முக்கியமாக 'சூடோ' என்று தொடங்குபவை. கம்ப்யூட்டரின் மொத்தச் சாவியையும் கையில் கொடுக்கும் வார்த்தை அது.

ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்களைச் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. இல்லையென்றால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

புரோகிராம் நின்றதும் 'ரிப்போர்ட் அனுப்பவா?' என்று ஒரு பெட்டி கேட்டால், உடனே கேன்சல் கொடுத்துவிடாமல் என்ன அனுப்பப்படுகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அந்தந்தப் புரோகிராமை எழுதுபவர்கள் பிழையைக் கண்டுபிடிப்பது இத்தகைய ரிப்போர்ட்களை வைத்துத்தான்.

யாரைக் கேட்பது?

இத்தனையும் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால் கேட்க ஆள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கமும், விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும் இயங்குகின்றன. 2012-ல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழில் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே ஏராளமான கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

உதவி கேட்கும்போது 'கம்ப்யூட்டர் வேலை செய்யலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எவ்வளவு ராம், என்ன செய்யும்போது நின்றது என்று எழுதி, மொபைலில் எடுத்த அந்தக் கடைசி வரிகளின் போட்டோவையும் சேர்த்துக் கொடுங்கள். போட்டோவில் பாஸ்வேர்டோ ஆதார் எண்ணோ தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போக நேர்ந்தாலும் இதே குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள். கூடவே, முக்கியமான ஃபைல்களை முன்கூட்டியே ஒரு பென்டிரைவில் ஏற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.